தீ மிதித்த கால்

அம்மன் துணை

டிராங்கெபார், போர் லூயி
1943 பிப்ரவரி 15, திங்கட்கிழமை

தேவகி அப்பாவுக்குப் பாக்கியம் எழுதுவது.

நானும் குழந்தையும் இங்கே தீவில் இருக்கிறோம். அங்கே பாலைவனத்தில் நீங்கள் கையும் காலும் கண்ணும் முழுசாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். எல்லோரும் நலம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இப்போது அது போதவில்லை. ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லித்தான் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை க்ளெமான் நேற்று கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் பட்டாளக் கம்பெனியில் உங்களோடு இருந்தவர் என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ போட ஓடினேன். திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன், அவருடைய இடது சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. எப்படி என்று கேட்டதற்கு விபத்து என்றார். டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். தேவகி வாசல்வரை அவர் பின்னாலேயே போய்விட்டு வந்து, தோந்தோன் மாமாவுடைய கை எங்கே அம்மா என்று கேட்டாள். நான் அவளைத் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

தபாலில் போட்டால் அதிகாரிகள் படித்துக் கறுப்பு மை பூசிவிடுவார்கள் என்றுதானே அவர் கையில் கொடுத்தனுப்பினீர்கள்? பூசியிருந்தால் தேவலை போலிருக்கிறது. முழுசாகப் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு தீய்ந்துபோனது. அரிசி வந்து மூன்று வாரம் ஆகிறது, இருந்த கிழங்கும் போனது என்று பக்கத்து வீட்டு ஜிசெல் வந்து சத்தம் போட்டாள்.

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். டாங்கி வரும் வழியில் எதிரி மணலுக்குள் தட்டு மாதிரியான கண்ணிவெடிகளைப் புதைத்து வைக்கிறான். டாங்கி ஏறினால் வெடித்துச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அறுந்துவிடும். நொண்டியாக நிற்கும் டாங்கியை, தூரத்தில் ஒளித்து வைத்த பீரங்கியால் அடித்து முடித்துவிடுவான். அதனால் நம் டாங்கிகள் போவதற்கு முன்னால் ஆட்கள் நடந்து போய் அந்தத் தட்டுகளைத் தோண்டி எடுத்து வழி செய்ய வேண்டும். தட்டு டாங்கிக்காக வைத்தது. இரண்டு சர்க்கரை மூட்டை எடைக்குக் குறைந்து எது ஏறினாலும் அது வெடிக்காது. ஒரு மனிதன் ஒரு மூட்டை கூடத் தேறமாட்டான். ஆகையால் பயப்படாதே பாக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கினவர் நீங்கள். உலகத்தில் எதையும் மூட்டைக் கணக்கில்தான் அளப்பீர்கள். பெண் பார்க்க வந்தபோது என்னையே முக்கால் மூட்டை என்று சொன்னவர்தானே. சரி, நானும் மூட்டைக் கணக்கிலேயே கேட்கிறேன். உங்கள் முதுகில் பை இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? தோண்டி எடுத்த தட்டுகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களா? என்றைக்காவது சுமை இல்லாமல் நடந்திருக்கிறீர்களா நீங்கள்? இதையெல்லாம் கூட்டிப் பார்த்தீர்களா?

அதற்குப் பிறகு எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சார்ஜன்ட் பதினோரு தட்டுகளை மணலில் வரிசையாகப் புதைத்து, பயமில்லாதவன் மேலே நடந்து காட்டட்டும் என்றாராம். யாரும் அசையவில்லையாம். நீங்கள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் கூப்பி, தீமிதிக் குழியில் இறங்குகிற மாதிரி இறங்கி, அந்தக் கோடிவரை நடந்தீர்களாம். துரைமார் கை தட்டினார்களாம். அன்றிலிருந்து கண்ணிவெடி எடுக்கும் கூட்டத்தில் நீங்கள்தான் முதலில் போகிறீர்கள், வெறுங்காலோடு. மற்றவர்கள் உங்கள் காலடியில் கால் வைத்து வருகிறார்கள். என் காலை அம்மனுக்குத் தெரியும், நம் வீட்டுப் பத்து நாள் விரதம் என் காலில் இருக்கிறது, நெருப்பு சுடாத காலை இரும்பு என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி ஈஸ்டருக்குப் பிறகு ஓய்வுக்குத் துறைமுகத்துக்குத் திரும்புகிறதாம். நீங்கள் மட்டும் கண்ணிவெடிக் கூட்டத்தோடு முன்னால் போகிறீர்களா என்று கேப்டன் கேட்டாராம். போகிறேன் என்று வாயால் சொல்லியாகிவிட்டது, ஈஸ்டருக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள்.

போன மாதம் ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் சிப்பாய்கள் ஒரு கவச வண்டியைக் கொண்டுவந்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். தேவகியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அது வரும்போது காலுக்கடியில் தரை நடுங்கியது. போன பிறகு தார் ரோட்டில் வரிசையாகப் பல் பதிந்தது போல் இருந்தது. எத்தனை மூட்டை இருக்கும் என்று கேட்டேன். சிப்பாய் சிரித்துவிட்டு ஐம்பது இருக்கும் என்றான். இது குட்டி வண்டிதான், அங்கே ஓடுகிற டாங்கி முந்நூறு மூட்டைக்கு மேல் என்றான். அதைத் தூக்கிப் போடுகிற வெடியை நீங்கள் காலால் தொட்டுப் பார்க்கிறீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. க்ளெமான் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனார். ஜிசெலின் மகன் ஆன்றியும் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அடுத்த கப்பலில் அவனும் அங்கேதான் வருகிறான். கடிதத்தை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் க்ளெமானைப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை

இன்று பூசை முடிந்து அவர்கள் மாதா கோவிலிலிருந்து வந்த பிறகு க்ளெமான் வீட்டுக்குப் போனேன். அவருடைய தங்கை நதின் கதவைத் திறந்தாள். அண்ணன் யாரோடும் பேசுவதில்லை, நீ கேட்டுப் பார் என்றாள். நான் எதிரில் உட்கார்ந்து, என் புருஷனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று சொன்னேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.

பெரிய தட்டுக்கு அடியில் சின்ன வெடி ஒன்றைக் கம்பியால் கட்டி வைக்கிறார்களாம். மேலே நடந்தால் ஒன்றும் ஆகாது. தட்டைத் தூக்கினால் கம்பி இழுத்துக் கீழே இருப்பது வெடிக்கும். அது மட்டுமில்லை. டாங்கிக்கு வைத்த தட்டுகளின் நடுவே மனிதனுக்கென்றே சின்னச் சின்ன வெடிகளை விதைக்கிறார்களாம். அதற்கு மூட்டைக் கணக்கு கிடையாது. நம் தேவகி கால் வைத்தாலே போதும். துள்ளி இடுப்பு உயரத்துக்கு எழும்பி வெடிக்கும் என்று சொல்லும்போது அவர் தன் ஒற்றைக் கையால் உயரத்தைக் காட்டினார்.

அன்றைக்கு நடந்ததையும் சொன்னார். நீங்கள் ஒரு தட்டின் மேல் கால் வைத்து நின்று, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இது நல்ல தட்டு, எடு என்றீர்களாம். அவர் உங்களை நம்பி அதைத் தூக்கினாராம். உங்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதையும் மூன்று தடவை சொன்னார். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி, அப்பாசாமிக்கு எல்லாம் தெரியும், கூட இருந்தே பார்த்தான், அப்படியும் மறுநாள் காலையில் வெறுங்காலோடு முதலில் போனான், சார்ஜன்ட் சொல்லியும் கேட்கவில்லை, தன் கால் தீ மிதித்த கால் என்கிறான் என்றார். நீங்கள் எழுதினால்தான் கேட்பான் மதாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விபத்து என்று ஒரு வார்த்தை கூட உங்கள் கடிதத்தில் இல்லையே. உங்கள் கண் முன்னால் அவர் கை போனதை எனக்கு மறைத்துவிட்டு, பயப்படாதே என்று எப்படி எழுத மனம் வந்தது?

ஆகையால் நானும் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நீங்கள் கடைசியாகத் தீ மிதித்தது 1941 ஜனவரியில். காப்புக் கட்டி ஏழாவது நாள். தேவகிக்குக் காய்ச்சல் விட்டு வாய் கசந்து, எதைக் கொடுத்தாலும் துப்பினாள். கருவாடு வேண்டும் என்று அழுதாள். ஜிசெல் வீட்டில் வாங்கி, நீங்கள் துறைமுகத்துக்குப் போயிருந்த நேரத்தில், தக்காளி போட்டுச் சமைத்துக் குழந்தைக்குக் கொடுத்தேன். வேறு சட்டி எடுக்க நேரம் இல்லாமல் விரதப் பானையிலேயே சமைத்தேன். அவள் மிச்சம் வைத்ததை நானும் தின்றேன். பிறகு பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அதே பானையில் உங்களுக்குப் பூசணிக்காய் வைத்தேன். நீங்கள் வாழையிலையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். காமாட்சி அக்கா அப்போது நம் வீட்டில்தான் இருந்தாள். வாசனை வந்ததும் என்னை முறைத்தாள். உங்களிடம் சொல்லவேண்டாம் என்று அவள் காலைப் பிடித்தேன்.

மூன்று நாள் கழித்து நீங்கள் தீயில் இறங்கியபோது நான் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வெந்துபோவீர்கள் என்றே நினைத்தேன். நீங்கள் பால் குழியில் கால் வைத்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். ஒரு கொப்புளம் இல்லை.

இப்போது புரிகிறதா? உங்கள் காலில் இருப்பது விரதம் இல்லை. நான் உடைத்துப்போட்ட விரதம். அம்மன் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்வீர்கள். இருக்கலாம். ஒரு தடவை பொறுத்தவள் ஒவ்வொரு தட்டுக்கும் பொறுப்பாள் என்று யார் உங்களுக்குச் சொன்னது? அதை நம்பி மற்றவர் பிள்ளைகளையும் உங்கள் காலடியில் நடத்திக் கூட்டிப் போகலாமா?

பூட்ஸைப் போடுங்கள். முதலில் போகாதீர்கள். கேப்டனிடம் போய், நான் மூட்டை தூக்குகிறவன், என்னைத் துறைமுகத்துக்கே அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். கோழை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவேண்டாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தேவகி இப்போது அ, ஆ எழுதுகிறாள். ஔ எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

எந்த முகத்தோடு உங்களுக்கு ஆசீர்வாதம் கேட்பது என்று தெரியவில்லை. அம்மன் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குத் துரோகம் செய்த
பாக்கியம்

டிராங்கெபார்
1943 பிப்ரவரி 22, திங்கட்கிழமை

அன்புள்ள காமாட்சி அக்காவுக்கு,

நீயும் அத்தானும் ட்ரியோலேயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டயர் இல்லாமல் பஸ் பாதி நாள் ஓடுவதில்லை, இல்லாவிட்டால் நேரிலேயே வந்திருப்பேன். இதைக் காய்கறி வண்டிக்கார ஜான்-போல் கொண்டுவருகிறார். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. அத்தானிடம் காட்டாதே.

இதோடு தேவகி அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. க்ளெமான் சொன்னது அத்தனையும் சத்தியம். கருவாட்டு விஷயம் மட்டும் சத்தியம் இல்லை. அது உனக்கே தெரியும்.

அந்தப் பத்து நாளும் நீ என்னோடு இருந்தாயே அக்கா. புளியும் மணலும் போட்டு ஒவ்வொரு பானையையும் எப்படித் தேய்த்தேன் என்று பார்த்தாயே. ஜிசெல் வீட்டில் மீன் பொரித்தபோது ஜன்னலை மூடி ஈரத்துணி தொங்கவிட்டேன். தேவகி கருவாட்டுக்கு அழுதது உண்மை. அழ அழ வெறும் கஞ்சியைத்தான் கொடுத்தேன். காய்ச்சல் பிள்ளையை இப்படியா வதைப்பாய் என்று நீகூடக் கோபித்துக்கொண்டாய். ஒரு பருக்கை கூடக் கெடாமல் காத்த விரதத்தை, நானே கெடுத்தேன் என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

வேறு எதைச் சொன்னாலும் அவர் கேட்கமாட்டார். பயமாக இருக்கிறது என்றால் பெண் பிள்ளை அப்படித்தான் என்பார். குழந்தையைச் சொன்னால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பார். க்ளெமான் கையே போயும் அவருக்குப் புத்தி வரவில்லை. அவர் காலில் இருக்கிற அந்த நம்பிக்கைதான் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணிவெடி மேல் வைக்கிறது. அதைப் பிடுங்காமல் அவரை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

எழுதி முடித்துவிட்டுக் கோவிலுக்குப் போனேன். வாசல்வரை போனேன், உள்ளே போகக் கால் வரவில்லை. அம்மன் பேரில் பொய் சொல்லிவிட்டேன். தண்டனை என்றால் எனக்கு மட்டும் கொடு, பிள்ளைக்குக் கொடுக்காதே என்று கேட்க ஆசை. ஆனால் வாயைத் திறந்தால், நான் சொன்னது பொய் என்று அங்கேயே அழுதுவிடுவேன். பூசாரி காதில் விழும். ஊரில் ஒருவருக்குத் தெரிந்தாலும் கடிதத்தில் யாராவது அவருக்கு எழுதிவிடுவார்கள். ஆகவே அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நேற்றிலிருந்து தேவகி தும்மினால்கூட ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு பெரிய காரியம் கேட்கிறேன். நான் சொன்னதை மட்டும் வைத்து அவர் நம்பிவிடமாட்டார். என்னைத் தடுக்கப் பொய் சொல்கிறாள் என்று சந்தேகப்படுவார். உனக்கு எழுதிக் கேட்பார். அவர் கேட்டு, நீ பதில் எழுதி, அது போய்ச் சேருவதற்குள் ஈஸ்டர் போய்விடும். கையெழுத்தும் போட்டுவிடுவார். அதனால் இப்போதே எழுதிக் கொடு. என் தங்கை விரதப் பானையில் கருவாடு சமைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், அன்றைக்கே சொல்லாதது என் குற்றம் என்று இரண்டு வரி போதும். என்னை நாலு வார்த்தை திட்டியும் எழுது, அப்போதுதான் உன் கடிதம் மாதிரி இருக்கும். ஜான்-போல் நாளைக்கு மத்தியானம் திரும்புகிறார். புதன்கிழமை காலை ஆன்றிக்குக் கப்பல். இரண்டு கடிதத்தையும் அவன் பையில் சேர்த்து வைத்துவிடுவேன்.

நீ வாயால் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. உன் பேச்சை நம்புவார் என்பதற்காகத்தான் உன்னையும் இந்தப் பாவத்தில் இழுக்கிறேன். சாமிக்குப் பயப்படாதே என்று நான் சொல்லமாட்டேன், எனக்கே அவ்வளவு பயம். ஆனாலும் எழுது அக்கா.

விஷயம் இங்கே தெரிந்தால் கோவிலில் எனக்குப் பொங்கல் பானை தொடக் கொடுக்கமாட்டார்கள். பரவாயில்லை. அவர் என் கையால் இனிச் சாப்பிடமாட்டார். வீட்டை விட்டு வெளியே போ என்றாலும் சொல்வார், அவர் கோபம் உனக்குத் தெரியும். அப்படித் தள்ளி வைத்தால் உன் வீட்டில் எனக்கும் பிள்ளைக்கும் ஒரு மூலை கொடு. தள்ளி வைக்கவாவது அவர் வந்து சேரட்டும் அக்கா.

உன் காலைத் தொட்டுக் கும்பிடும் தங்கை,
பாக்கியம்